பெருநாளில் ஒரு மரக்கறி சஹன்

கெலிஓயாவில், என்னோடு கந்தோரில் வேலைசெய்யும் தோழியின் வீட்டுப் பின்வளவில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கும் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். மத்தியானம் வரை ஒரே புகை, ஒரே சிரிப்பு. சாப்பாடு சஹனில் வரும். பெரிய வட்டத் தட்டு அது. ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். நானோ யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. எனக்கு மட்டும் தனிப் பீங்கான் தட்டு, தனிக் கதிரை. பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் மாதிரி உயரத்தில் இருந்து சாப்பிடுவேன். ஒரு தடவையாவது அந்தப் பாயில் ஆறில் ஒருத்தியாக இருக்க வேண்டுமென்று எனக்குக் கொள்ளை ஆசை. கேட்க வெட்கம், அவ்வளவுதான்.

போன வருடம் தோழியே தொலைபேசியில் கூப்பிட்டாள். "இந்தப் பெருநாளைக்கு ஒங்களுக்குக் கதிர இல்ல. உம்மா மரக்கறி சஹன் ஒண்டு வைக்கப்போறாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கண்டியில் பஸ் ஏறிவிட்டேன். நான் போய் இறங்கியபோது அவர்கள் வீட்டில் தேநீர்கூட ஊற்றியிருக்கவில்லை.

பின்வளவில் இறைச்சி சுடும் இடத்திலிருந்து தள்ளி எனக்கென்று புதிதாக ஒரு கம்பி வலை. அதன்மேல் காளான், சோளம், மசாலா தடவிய பிஞ்சுப் பலாக்காய். நானே விசிறினேன், நானே புரட்டினேன், நாலு காளானைக் கருக்கியும் விட்டேன். என்னோடு சஹனில் இருக்கத் தோழி, அவளுடைய உம்மா, அக்காவான ராத்தா, சாச்சியின் மகள்மார் இருவர் என்று ஐந்து பேர் முன்வந்திருந்தார்கள். பெருநாளும் அதுவுமாக எனக்காக இறைச்சியை விட்டவர்கள்! அந்த இருவரில் இளையவளின் கண் மட்டும் அடிக்கடி அடுத்த அடுப்புப் பக்கம் போய்வந்தது.

சஹன் வந்தது. நெய்ச்சோறு, முந்திரிக்கொட்டைக் கறி, நான் சுட்ட பலாக்காய். கடைசியாக உம்மா தன் கையாலேயே நடுவில் சீனிச்சம்பலைக் கொட்டி, சோற்றோடு பரப்பிவிட்டார். "தொடங்குங்க மகள், நீங்கதான் முதல்."

சம்பலில் மாசித் தூள். கல்லாகக் காயவைத்த மீனை இடித்த தூள்.

உம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இறைச்சி, கோழி, கருவாடு எல்லாவற்றையும் நினைத்து நினைத்து விலக்கியவர். இந்த நாட்டில் மாசியை மீன் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? உப்பு மாதிரித்தான் அது. ஐந்து பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட என்னால் முடியாது. சொன்னாலோ மறுபடி கதிரைதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உம்மா, சம்பலில மாசி கிடக்கு. நான் சாப்பிடமாட்டன்."

தோழி தலையில் கைவைத்தாள். "மாசி தானே..." என்று தொடங்கிய ராத்தா பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கென்று ஆக்கிய சோறு முழுவதும் அந்தத் தட்டில்தான் இருந்தது.

"நீங்க சாப்பிடுங்கோ. எனக்கு ரெண்டு துண்டுப் பாண் காணும்" என்று எழும்பப் போனேன். உம்மா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"இரிங்க. ஆறு பேருக்கு வெச்ச சஹன், ஆறு பேரும்தான் சாப்புடுற."

உலை மறுபடி ஏறியது. சுற்றியிருந்த பாய்களில் இறைச்சிச் சஹன்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. எங்கள் பாயிலிருந்து ஒருத்தரும் அசையவில்லை. பக்கத்துப் பாயிலிருந்து நீட்டிய இறைச்சித் துண்டை இளையவள் பெருமூச்சோடு திருப்பி அனுப்பினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது.

கழுவிய சஹனில் ஆவி பறக்கப் புதுச்சோறு வந்தது. ஆறு கைகள் ஒன்றாக இறங்கின. சூட்டில் விரல் சுட்டது, நான் எடுக்கவில்லை. அப்படியொரு சந்தோஷம்! உம்மா மட்டும் வாயருகே கொண்டுபோன பிடியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன பெருநாள்கள்லயும் ஒங்கட பீங்கான்ல இதே சம்பல்தானே மகள் வெச்சேன்?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"அப்ப அவ்வளவு நாளும் வெறுஞ்சோறா திண்டுட்டு, ருசி ருசிண்டு சொல்லிட்டுப் போனீங்க?"

ஓம் என்று தலையாட்டினேன். உம்மா தன் கையிலிருந்த பிடியை என் வாயில் ஊட்டினார்.