பெரியவருக்கு ஒரே மனைவி

குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் யாராவது அறையைக் காலி செய்தால், அவர்கள் மறந்துவிட்டுப் போன சாமான்களை எடுத்து வைப்பது என் பொறுப்பு. சார்ஜர், செருப்பு, பாதி தீர்ந்த ஷாம்பு என்று இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், அமெரிக்க அம்மாள் ஒருவர் தடியான புத்தகம் ஒன்றை விட்டுப்போனார். போன் செய்து கேட்டேன். நீயே வைத்துக்கொள் என்றார். அட்டையில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் கரையெல்லாம் வெள்ளை பூத்த ஓர் ஏரி. அந்த ஏரிக்காகத்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அதைவிட மடத்தனமான காரியத்தை நான் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், அவருக்கு வேலை இருக்காது. அட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது உப்பு ஏரியா?"

"ஆமாங்க. அமெரிக்காவுல இருக்குது."

"தண்ணியில உப்பு எத்தன டிகிரின்னு போட்டிருக்குதா பாரு."

அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்குப் பிழைப்பே அதுதான். தினமும் நான் வேலை முடிந்து வந்து டீ குடித்ததும் பத்துப் பக்கம் படித்துத் தமிழில் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. மார்மன் என்கிற மதத்தாரின் ஆரம்ப காலத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை அது. தச்சு வேலை செய்துகொண்டிருந்தவர். புது மார்க்கத்தில் சேர்ந்ததற்காக அவரையும் அவர் கூட்டத்தையும் ஊர் ஊராக விரட்டினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். அவர் அத்தனை ஜனங்களையும் வண்டிகளில் ஏற்றி, பனி உறைந்த ஆற்றைத் தாண்டி, மாதக்கணக்கில் நடத்திக் கூட்டிப்போய் அந்த உப்பு ஏரிக்குப் பக்கத்துப் பொட்டலில் இறக்கினார். அங்கே வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள்.

"இப்படி ஒரு ஏரி கெடச்சும் கோதுமையா போட்டானுங்க?" என்று என் வீட்டுக்காரர் நொந்துபோனார். ஆனாலும் அந்தப் பெரியவரை அவருக்குப் பிடித்துவிட்டது. நேர்மையான ஆளு, கூட இருக்கறவங்கள வுட்டுட்டு ஓடாத ஆளு என்று இரண்டு நாளைக்கு ஒருதரம் சொல்வார்.

நான் பஸ்ஸில் முன்கூட்டியே படித்துக்கொள்வேன். ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள். நாலு பக்கம் தள்ளி மூன்றாவது கல்யாணம். கடவுள் கட்டளையாம். முதலில் அவருக்கே அது பிடிக்கவில்லையாம். பிறகு பிடித்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் திணித்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. குறை என்னிடம்தான் என்று புதுச்சேரியில் டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமியார் அந்த வருஷம்தான் தன் தம்பி மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"நீ எங்கியும் போவ வேணாம்மா. நீயும் இங்கியே இருந்துக்க. அவ பெத்தா அது உனக்கும் புள்ளதானே?"

என் வீட்டுக்காரர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நிலையில், அவர் மதிக்கிற பெரியவரே மேலும் மேலும் கட்டினார், கடவுளே கட்டச் சொன்னார் என்று நானா என் வாயால் சொல்வேன்? அந்த வழக்கத்தை அந்த மதத்தார் எப்போதோ விட்டுவிட்டார்கள் என்று கடைசியில் போட்டிருந்தது. அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டாவது மனைவியைப் பெரியவரின் தங்கையாக்கினேன். மூன்றாவது மனைவியை ஒன்றுவிட்ட தங்கையாக்கினேன். நாலாவது வந்தபோது சொந்தம் தீர்ந்துவிட்டது, வண்டியில் இடம் கேட்டு வந்த விதவை என்றேன். மனைவிமார் எல்லாரும் கட்டங்கட்டமாக உட்கார்ந்திருந்த படங்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. அதைக் கிழித்து, மடித்து, மறுநாள் கெஸ்ட் ஹவுஸ் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்று திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மனைவிமாரை மறைத்துவிட்டேன். பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் மறைப்பது? பக்கத்துக்குப் பக்கம் பிறந்துகொண்டே இருந்தார்கள். ஒருவன் வாய்க்கால் வெட்டுகிறான், ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொன்றுக்கு அம்மை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, மொத்தம் எத்தன பசங்க அந்த ஆளுக்கு?"

"பதினாறு" என்றேன். ஏன் பதினாறு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயத்தில் வாயில் வந்த எண் அது.

"எல்லாம் அந்த ஒரே பொம்பளைக்கா?"

"ஆமா."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "ஒரு வயித்துல பதினாறு. மகராசி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மழை விடுவதற்குள் புத்தகம் முடியப்போகிற கட்டத்துக்கு வந்தது. அந்த ஏரிக்கரை ஊரில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, கொஞ்சம் ஓய்ந்து உட்காருகிற சமயத்தில் பெரியவரின் முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். அதை மட்டும் நான் மாற்றவில்லை. இத்தனை நாளாக ஊரார் பிள்ளைகளையெல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தேன், சாவையாவது அவளுக்கு உள்ளபடி கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லும்போது அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் அன்று தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். எதற்குப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இதுதான் சமயம் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடாமலே, அதில் இருப்பதைப் படிப்பதுபோல் ஒரு வரி சேர்த்துச் சொன்னேன்.

"அதுக்கப்புறம் அவரு வேற கல்யாணமே பண்ணிக்கல."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பெரியவரின் மேல் குறை வந்துவிடக் கூடாது என்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"அவரு இன்னாத்துக்கும்மா பண்ணிக்கணும்? அதான் பதினாறு புள்ளைங்க இருக்குதே."

எப்படி மறுப்பது? ஒரு மாசமாக நானே உட்கார்ந்து பெற்றுப்போட்ட பிள்ளைகள். இல்லை, அவருக்கு மனைவிமார் நிறையப் பேர் என்று உண்மையைச் சொன்னால் அது இன்னும் மோசம். எந்தப் பக்கம் போனாலும் என் மாமியாரின் தம்பி மகள் நிற்கிறாள்.

"புள்ள இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அந்தப் பெரியவரைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "தெரியலியேம்மா" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு மாசமாகப் பொய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு ஒரே ஒரு பொய்யை அவரும் சொல்லியிருக்கலாம்.