கண்டெய்னர் கதவில் ஒட்டியிருந்த சொல்

பிள்ளைகளா, ‘கிஃப்ட்’ என்றால் என்ன என்று கேட்டால் நீங்கள் பிறந்தநாள், ரிப்பன் சுற்றிய பெட்டி என்று சொல்வீர்கள். பத்தாவது வரை படித்த எனக்கும் அதுதான் தெரியும். அந்தச் சொல்லை வேறு விதமாக நான் தெரிந்துகொண்ட நாளைப் பற்றி எழுதுகிறேன்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களைப் பிரித்துச் சரக்கு இறக்குவது என் வேலை. எங்கள் யார்டு உப்பளங்களைத் தாண்டி, பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மரப்பலகை அங்கே நிறைய வரும். கதவில் போட்டிருக்கும் சீல் முத்திரையை வெட்டித் திறந்ததும் நாங்கள் உள்ளே ஏற மாட்டோம். அப்படியே திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. கதவு திறந்தால் டீ, அவ்வளவுதான்.

அன்றைக்கு டீ இல்லை. லாரிகள் வரிசையில் நின்றன, சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மழையில் வெளுத்த மண்டையோட்டுப் படம், அதன் கீழே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ‘கிஃப்ட்’. என்னோடு பல வருஷமாக வேலை பார்ப்பவன், உடன்குடிப் பக்கத்துக்காரன், அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“மச்சான், மண்டையோட்டப் போட்டு கிஃப்ட்டுனு எழுதிருக்கான் பாருலே. மாமனார் வீட்டுல இருந்து வந்திருக்கும்!”

எல்லோரும் சிரித்தோம். அது பரிசு என்று யாரும் நம்பிவிடவில்லை. மண்டையோட்டுக்கு அர்த்தம் தெரியாதவர்களும் இல்லை நாங்கள். ஆனால் ஒரு கண்டெய்னர் ஊர் ஊராகப் போய் வரும். போன பயணத்துக்கு ஒட்டினதை யாரும் கிழிப்பதில்லை. எத்தனையோ மண்டையோடுகளைப் பார்த்துவிட்டோம். அதனால் எந்தத் தாளையும் நாங்கள் மதிப்பதில்லை. எங்கள் தப்பு அதுதான்.

உடன்குடிக்காரன் பலகைகளைக் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்க்க உள்ளே ஏறினான். கொஞ்சம் உள்ளே போய் இருமினான்.

“என்னலே இது, பூண்டு நாத்தம் அடிக்கு.”

அப்புறம் “மச்சா…” என்றான். மீதி வரவில்லை. பலகைக்கும் தகரச் சுவருக்கும் நடுவே சரிந்துவிட்டான்.

நான் ஒரு காலை மேலே வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணாச்சி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன.

“விடுங்க அண்ணாச்சி, அங்கன கெடக்கான் பாருங்க!”

“நீ போனா நீயும் கெடப்ப. பொறவு உன்ன யாருலே இழுப்பா?”

அவன் கால்கள் எனக்குத் தெரிந்தன. ஒரு பாதம் லேசாக அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. நடந்தால் நாலு எட்டு இருக்காது. அந்த நாலு எட்டை வைக்காமல் வெளியே நிற்பது எவ்வளவு பெரிய பாடு என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு கதவையும் அகலத் திறந்தோம். பெல்ட்டை இழுக்க வைத்திருக்கும் நீளமான கொக்கிக் கம்பியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். முதலில் பலகையில் மாட்டியது. விலகி வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி விட்டேன், வழுக்கியது. அடுத்த தடவை அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டில் கொக்கி விழுந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்தபோது அவன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கேட்டார்: “மருந்து குடிச்சாரா?”

“குடிக்கல சிஸ்டர். கண்டெய்னருக்குள்ள ஏதோ காத்து இருந்திருக்கு.”

கதவையும் தாளையும் சேர்த்து அண்ணாச்சி போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பூச்சி சாகப் போடும் புகை மருந்தாக இருக்கும் என்றார். இதற்கு முறிவு மருந்து கிடையாது, இருதயம் தாங்கினால் பிழைப்பார், நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்முன் அவர், திறந்ததும் ஏன் காற்றாட விடவில்லை என்று கேட்டபோதுதான், இத்தனை வருஷமும் எங்களைக் காப்பாற்றியது அந்த டீதான் என்று எனக்கு உறைத்தது.

அந்தப் படத்தைத் திருநெல்வேலியில் காலேஜ் படிக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “அப்பா, அது இங்கிலீஷ் இல்ல, ஜெர்மன். விஷம்னு அர்த்தம்.”

அவள் தேடித் தேடி அனுப்ப, நான் ஐ.சி.யூ. கதவைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். இங்கிலீஷ் கிஃப்ட், ஜெர்மன் கிஃப்ட் எல்லாம் ஒரே வேரில் வந்த சொல்லாம். ‘கொடு’ என்பதுதான் அந்த வேர். இங்கிலீஷில் அன்பாகக் கொடுத்தது பரிசாகிவிட்டது. சுவீடனில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணம் ஆனவர் என்று ஒரு அர்த்தம். பெண்ணைக் கொடுப்பதிலிருந்து வந்ததாம். விஷம் என்ற அர்த்தமும் அங்கே உண்டு. ஜெர்மனியில் முதலில் அதுவும் வெறுமனே கொடுப்பதுதான். கிரேக்கர்கள் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தைக் ‘கொடுப்பது’ என்றே சொல்வார்களாம்; அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் அப்படிச் சொல்லி, போகப் போக விஷத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சீதனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லில் மட்டும் பழைய அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. நர்ஸ் என்னிடம் கேட்டதும் அதே மாதிரிதானே? நோய் தீரக் கொடுப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, உயிரை விடக் குடிப்பதும் மருந்து. விஷம் என்று வாயால் சொல்ல எல்லா ஊர்க்காரர்களும் பயப்படுகிறார்கள் போல.

அவன் மனைவி வந்ததும் அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“கூடவே இருந்தியள்லா அண்ணன்? விழுந்தவரப் பாத்துக்கிட்டா நின்னிய?”

ஆமாம் என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார். அவன் கண் திறந்திருந்தது. மாஸ்க்கை லேசாக விலக்கினான். அவள் அவனிடமும் அதையே சொன்னாள்: “இந்த அண்ணன் உள்ள வரவே இல்லையாம்.”

அவன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: “ஏளா… வந்திருந்தான்னா… அவம் பிள்ளைகளும்லா இங்கன நிக்கும்.”

அப்போதுதான் அவள் அழுதாள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி. நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னார். யார்டு ஆட்கள் ஆஸ்பத்திரி கேட்டில் காத்திருந்தார்கள். அவன் கண் விழித்துப் பேசிவிட்டான் என்று அவர்களிடம் சொல்வதற்காக நான் படியிறங்கி ஓடினேன்.