மருத்துவிச்சி மாமா

தம்பி பிறந்த அன்று மருத்துவிச்சியைக் கூட்டி வந்தவள் நான்தான் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படி நடக்கவில்லை என்று நான் அன்றே சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் வின்டர்தூருக்கு வந்து ஒரு குளிர்காலத்தைக் கடந்திருந்தோம். அப்பாவுக்கு வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். அவரைத்தான் நான் மாமா என்று சொல்கிறேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவர். அதிலும் பழைய கிரேக்கர்கள் என்றால் அவருக்கு உயிர். படிப்பு முடிவதற்குள் நாட்டைவிட்டு வர வேண்டியதாயிற்று. இங்கே ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார்.

மாமாவின் கதைகளில் எதுவும் அதுவாக இருக்காது. கப்பல் வந்தால் கடல் இருக்காது. அந்தக் கப்பல் ஒரு நாடு. சுக்கானைப் பிடிக்கச் சண்டை போடும் மாலுமிகள் அரசியல்வாதிகள். நட்சத்திரம் பார்த்து வழி சொல்லத் தெரிந்த ஒருவனை எல்லோரும் பைத்தியம் என்பார்கள். அவன் யார் என்று கேட்டால் மாமா சிரிப்பார். ஒரு தேரில் இரண்டு குதிரைகள் பூட்டியிருக்கும். ஒன்று சொல் கேட்கும், மற்றது கேட்காது. இரண்டும் மனுசருக்கு உள்ளேதான் ஓடுகின்றன என்பார். நான் படுக்கையில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு குதிரைதான் ஓடியது. மற்றது எங்கே போயிற்று என்று கவலையாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும், அதுதான் அந்தக் கிரேக்கர்களின் கெட்டித்தனம் என்று மாமா அடிக்கடி சொல்வார். அதற்கு உவமை என்று பெயர் என்பதையும் சொல்லியிருப்பார். அந்தச் சொல் என் மனதில் நிற்கவில்லை. குதிரைகள்தான் நின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் கூட்டாளிகள் வருவார்கள். அவர்களில் வயிறு பெருத்த ஓர் அண்ணை இருந்தார். ஒருநாள் வீரம் என்றால் என்ன என்று கதை தொடங்கியது.

"ஓடாமல் நிக்கிறதுதான் வீரம்" என்றார் அந்த அண்ணை.

"அப்ப நாங்கள் எல்லாரும் ஓடி வந்தனாங்கள்தானே. நாங்கள் கோழையளோ?" என்று மாமா கேட்டார்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அண்ணை வேறொன்று சொன்னார். மாமா அதையும் ஒரு கேள்வியால் தட்டிவிட்டார். இப்படியே போக, அண்ணைக்கு வியர்த்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உள்ளுக்குத் தெரியுது, வெளியில வருகுதில்லை" என்றார்.

"அது வலி" என்றார் மாமா. "வயித்தில பிள்ளை இருந்தால்தான் வலி வரும். நான் மருத்துவிச்சி. எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு உள்ளுக்கு இருக்கிறதை வெளியில எடுத்து, அது உயிருள்ள பிள்ளையோ வெறும் காத்தோ எண்டு பாத்துச் சொல்லுறதுதான் என்ட வேலை."

கிரேக்க நாட்டில் ஒரு பெரியவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டார் என்றும், அவருடைய தாய் உண்மையாகவே மருத்துவிச்சி என்றும் மாமா தொடர்ந்து சொன்னார். அதை நான் சரியாகக் கேட்கவில்லை. அண்ணையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அம்மாவும் பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு வயிறும் ஏறக்குறைய ஒரே அளவு.

அன்று பின்னேரம் குசினியில் அம்மாவிடம், "மாமா மருத்துவிச்சியோ?" என்று கேட்டேன். அம்மா கால்வீக்கத்தோடு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். "மாமா சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். அத்தோடு எனக்கு அந்த விசயம் முடிந்துவிட்டது.

அம்மாவைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஒரு சுவிஸ் பெண் சைக்கிளில் வருவார். அவரை ஹெபாமெ என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வதும் நான்தான். அம்மாவின் வயிற்றில் காது வைத்துக் கேட்பார். நேரத்துக்கு முன்னமே வலி வந்தால் தன்னை உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஹெபாமெ என்றால் வயிற்றில் காது வைத்துக் கேட்கிறவர் என்று நான் நினைத்திருந்தேன். மருத்துவிச்சிக்குத்தான் ஜெர்மனில் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் மாதம், பனிப்புகார் மூடிய ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்தபடி அறைக்குள்ளிருந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை.

"பிள்ளை, ஓடிப்போய் மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். "கெதியா."

நான் ஓடினேன். ஜாக்கெட் போடவில்லை. காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. இங்கே பிள்ளைகள் அதை ஃபிங்கன் என்பார்கள். அடுத்த தெருமுனையில் அந்த ஹெபாமெ தன் வீட்டு வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டும் என்று ரீச்சர் பழக்கியிருந்தார். நின்று, "க்ரூயெற்சி" என்றேன். இப்படி எங்கே ஓடுகிறாய் என்று கேட்டார். மாமாவைக் கூப்பிடப் போகிறேன், அம்மாவுக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினேன்.

ரெஸ்டோரண்டின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஆவி. மாமா நீளமான றப்பர் ஏப்ரன் கட்டி, முழங்கை வரை நனைந்து நின்றார்.

"மாமா, அம்மாவுக்கு வலி. உங்களை வரட்டாம்."

"என்னையோ? என்ன சொன்னவ, வடிவாச் சொல்லு."

"மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ."

மாமா என்னைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையைத் தண்ணீருக்குள் விட்டார். பின்னாலிருந்து பெரிய சமையல்காரர் உரத்த குரலில் எதையோ கேட்டார். மாமா திரும்பிப் பார்க்காமல் ஏப்ரனோடு வெளியே ஓடினார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

வழியில் அவர் ஹெபாமெயின் கதவைத் தட்டியது எனக்கு விளங்கவில்லை. மருத்துவிச்சி கையில் இருக்க ஏன் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? யாரும் திறக்கவில்லை. மாமா இரண்டு கையாலும் அடித்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் கை சவர்க்காரத்தில் வழுக்கியது.

எங்கள் வாசலில் ஹெபாமெயின் சைக்கிள் கிடந்தது. பூட்டாமல், சாய்த்துக்கூட வைக்காமல் விழுந்து கிடந்தது.

அறைக்கதவு மூடியிருந்தது. உள்ளே அம்மாவின் குரலும் அந்தப் பெண்ணின் குரலும் மாறி மாறிக் கேட்டன. மாமா உள்ளே போகவில்லை. போங்கோ என்று அவரை முதுகில் தள்ளினேன். அவர் அசையவில்லை. பிறகு அம்மாவின் குரல் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. குழந்தை பிறந்தால் அழும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அழவில்லை.

"மாமா, பாத்துச் சொல்லுங்கோவன். உயிருள்ள பிள்ளையோ, காத்தோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார் மாமா.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே ஈரத்துணியால் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகும் அமைதி. அதற்குப் பிறகுதான் மெல்லிய, கோபமான ஓர் அழுகை வந்தது. மாமா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்து முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டார். அந்த வெள்ளைக்காரப் பெண் தன் வேலையைப் பறித்துவிட்டார் என்று அவருக்குக் கவலை போலும் என்று நினைத்தேன்.

அம்புலன்ஸ் வந்து அம்மாவையும் தம்பியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தம்பி சின்னதாக இருந்தாலும் பயமில்லை என்றார்கள். இரவு அங்கே அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஃபிங்கனோடு ஒரு பிள்ளை தெருவில் ஓடினால் வீட்டில் ஏதோ ஆபத்து என்றுதான் அர்த்தம், அதனால் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தேன் என்று ஹெபாமெ அப்பாவிடம் சொன்னார். அதைத் தமிழாக்கியதும் நானே.

"என்ட பிள்ளை கெட்டிக்காரி. மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள்" என்றார் அப்பா.

"நான் அவவைக் கூப்பிடேல்லை. மாமாவைத்தான் கூட்டி வந்தனான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். செய்யாததற்குப் பாராட்டும் செய்ததற்குச் சிரிப்பும் ஏன் கிடைக்கின்றன என்று யாரிடம் கேட்பது? வழக்கமாக மாமாவிடம் கேட்பேன். அவர் அங்கே இல்லை. வேலையின் நடுவில் ஓடி வந்ததைப் பற்றி ரெஸ்டோரண்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார்.

மறுநாள் காலை எழும்பியபோது மாமா வீட்டில் இருந்தார். எனக்குப் பாண் வெட்டி வெண்ணெய் பூசித் தந்தார். அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை.

"இண்டைக்கு வேலை இல்லையோ?"

"இல்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்லை."

மாமா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அதற்கு முன் நான் தனியாகத்தான் போய்வந்தேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கட்டும் என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அவர் கப்பலைப் பற்றியும் சொல்லவில்லை, குதிரையைப் பற்றியும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூட வாசல் வந்ததும் அவரை அண்ணாந்து பார்த்து, இனி ஒருநாளும் உங்களுக்கு வேலை இருக்கக் கூடாது மாமா என்று சொன்னேன்.

"ஓம்" என்றார் மாமா. என் ஜாக்கெட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.