கண்ணின் நிறத்தை எழுதி வைத்தவர்

சென்ற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஏகாம்பரத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் காரணம் ஒன்றுதான். நானும் வழக்கம்போல, "இன்னிக்கு என்ன உடம்பு, ஏகாம்பரம்?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் மனைவி மல்லிகாவின் குரல் கேட்டது.

"அவரோடதுதான் சார்."

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்து, இன்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவர் தோட்டப் பிரிவு ஏகாம்பரம். எங்கள் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு அவர் வேறு ஆள். கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்த பறவை, லாரியில் அடிபட்ட மரநாய் என்று எது கிடந்தாலும், வனத்துறை அனுமதி பெற்று நாங்கள் தோலைப் பதப்படுத்திப் பாடம் செய்வதற்காக எடுத்து வைப்பார். பிணம், செத்தது என்ற சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. "சார், ஒரு உடம்பு கீது" என்பார்.

எடுத்து வைப்பது எளிய வேலை அல்ல. தரையில் இழுத்தால் முடி தேய்ந்துவிடும். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் தோல் வெந்து முடி உதிரும். வாயிலும் மூக்கிலும் பஞ்சு வைக்காவிட்டால் ரத்தம் இறகில் ஊறிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணின் நிறத்தை எழுத வேண்டும். உடம்பில் முதலில் மங்குவது அதுதான். நாங்கள் ஆங்கிலத்தில் எழுதும் நிறப் பெயர்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "காஞ்ச மொளகா", "மழைத்தண்ணி" என்று சீட்டில் எழுதிக் காலில் கட்டுவார். கண் மங்குவதற்குள் நான் போய்ப் பார்த்த நாட்களில் அது சரியாக இருக்கும்.

ஒருமுறை கூகை ஒன்றைப் பஞ்சு வைத்து, காகிதத்தில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு போட்டு ஸ்கூட்டரில் எடுத்து வந்தார். சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பெட்டியின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. வெள்ளை முகம் ஒன்று வெளியே எட்டி, கடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அலகில் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஏகாம்பரம் அந்தப் பஞ்சை உருவினார். கூகை கூரைமேல் ஏறி, பிறகு பறந்துபோனது.

"உசிரோட கீறத மூட்டை கட்டிட்டேன் சார்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எந்த உடம்பானாலும் நிழலில் கிடத்தி, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த வெயிலில் ஒரு மணி நேரம் என்பது தோலுக்கு ஆபத்து. நான் கோபித்துக்கொண்டேன்.

"கெட்டா கெட்டுப் போவட்டும் சார். போயிடுச்சான்னு தெரியாம நான் கட்டமாட்டேன்" என்றார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஷிப்டு முடிந்து போகிறவர்கள் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவார்கள்.

வாலாஜாபாத் சாலையில் பெண் நரி ஒன்று அடிபட்ட காலை, வனக்காப்பாளரும் நானும் போய்ச் சேரும்போது எட்டு மணி. நல்ல வெளிச்சம். ஏகாம்பரம் அதை ஈரச் சாக்கின்மேல் கிடத்தி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம், முள்புதர் ஓரம், ஆண் நரி நின்றது. கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு லாரி கடந்த பிறகும் அது அதே இடத்தில் இருந்தது.

நான் அளவு நாடாவை எடுத்தேன். "இருங்க சார், அது பாக்குது" என்றவர், தன் மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அளந்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை. வண்டி கிளம்பியபோது நரி புதருக்குள் ஓடவில்லை. சாலையோரமாக எங்கள் பின்னால் வந்தது. வல்லக்கோட்டைக்குத் திரும்பும் இடம்வரை வந்தது.

பாடம் செய்த நரியை அருங்காட்சியகக் கூடத்தில் வைத்ததும் அவரை அழைத்தேன். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"இது அதோட கண்ணு இல்ல சார். நான் வெல்லப்பாகுன்னு எழுதிக் குடுத்தேன்."

உண்மைதான். அந்த நிறம் கையிருப்பில் இல்லை. நாய்க்கு வைக்கும் அடர் பழுப்புக் கண்ணாடிக் கண்ணை வைத்திருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் சண்டை போடவில்லை. "அது தேடினு வந்தா அடையாளம் தெரியாதே சார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் காத்திருந்து சரியான கண்களை வரவழைத்து மாற்றினேன்.

மறுபடி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இப்ப பாக்குது" என்றார். பிறகு கும்பிட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வராந்தாவுக்குப் போனார். அந்தக் கூடத்துக்குள் அதன் பிறகு அவர் வந்ததே இல்லை. நான் சிரித்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மாலை கூடத்தைப் பூட்டப் போனேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். திரும்ப முடியவில்லை. முகத்தை நரியின் பக்கமே வைத்துக்கொண்டு, கையால் கதவைத் தேடி, பின்னோக்கியே வெளியே வந்தேன். ஏகாம்பரத்திடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது இதுதான்.