எண்ணிச் சொல்லாத பிள்ளைகள்

என் வகுப்பில் படித்துவிட்டுப் போன யாரும் ‘ஃபியூ’வையும் ‘எ ஃபியூ’வையும் குழப்பிக்கொண்டதில்லை. இதைக் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன். தஞ்சாவூரில் இருபத்திரண்டு வருடமாக நான் ஆங்கில வாத்தியார். மற்ற வாத்தியார்கள் அதைக் கரும்பலகையில் விதியாக எழுதிப் போடுவார்கள். நான் நடவுக் கதை சொல்லுவேன். பத்துப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டு மூன்று பேர்தான் வந்து நிற்கிறார்கள். தலையில் கை வைத்துக்கொண்டு, வந்ததே இவ்வளவுதானா, இதை வைத்து என்ன செய்வது என்றால் அது ‘ஃபியூ’. அதே மூன்று பேரைப் பார்த்து, வந்தவரைக்கும் லாபம், நாற்றுக்கட்டை எடுங்கள், ஆரம்பிக்கலாம் என்றால் அது ‘எ ஃபியூ’. ஆள் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. பார்க்கிறவன் மனசுதான் மாறியிருக்கிறது. பாடம் இவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

இந்தப் பாடத்தை நான் கடைசியாக முழு மூச்சாக நடத்தியது என் மனைவிக்கு. அவள் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். பதினெட்டு வருட சர்வீஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து மூத்த நர்ஸ் வேலைக்கு வீடியோவில் நேர்காணல் என்று தகவல் வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. “இதை விட்டா இனிமே என்னை யாருங்க கூப்பிடப் போறா?” என்றாள். அங்கே சிக்கல் இல்லாத பிரசவத்தை நர்ஸே முழுக்கப் பார்ப்பாராம், ஏட்டிலும் அவர் பெயரே ஏறுமாம். இங்கே பிள்ளையைப் பிடிப்பது இவள் கை, எழுதுவது டாக்டர் பெயர். பதினெட்டு வருடமாக அது அவள் மனசில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒரு மாதம் அந்தப் பயணமே வகுப்பு. நான் கேள்வி கேட்பேன், பின்சீட்டிலிருந்து பதில் வரும். தப்பாகச் சொன்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன், அப்படி ஒரு குணம் எனக்கு. ‘எ ஃபியூ’வுக்கு மட்டும் நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை.

“வார்டுல ஃபியூ பெட்டுதான் காலின்னா அட்மிஷன் போடத் தயங்கணும். எ ஃபியூ பெட்டு காலின்னா தைரியமா போடலாம். சரிங்களா?” என்றாள் ஒருநாள். என் நடவுக் கதையைவிட அது நன்றாக இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

நேர்காணல் ஒரு மத்தியான நேரம். கூடத்தில் மடிக்கணினி முன்னால் அவள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான். எல்லாம் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இதுவரை நீங்களே தனியாக எத்தனை பிரசவம் பார்த்திருப்பீர்கள் என்று அந்தப் பக்கத்து அதிகாரி கேட்டார்.

“எ ஃபியூ,” என்றாள் என் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளோடு கடைத்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பெண் ஒரு பையனை முன்னால் தள்ளி, “சிஸ்டர், உங்க கையில பொறந்தவன்” என்கிறாள். காய்கறி வாங்கப் போனால் வீடு திரும்ப ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. இவள் ‘ஏதோ சில’ என்கிறாள்! அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் நான் கத்தினேன். கத்தினேன் என்றால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

“தப்பாவா சொன்னேன்? நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதானே சொன்னேன்?” என்றாள்.

“இலக்கணம் சரி. விஷயம் தப்பு. நிறையன்னு சொல்றதுக்கு வாய் வரலையா உனக்கு?”

“நானே நிறையன்னு சொன்னா பெருமை பேசற மாதிரி இல்லீங்களா? அதுவும் நல்லபடியா பொறந்த பிள்ளைங்களை எண்ணிச் சொல்லுவாங்களா யாராவது? கண்ணு பட்டுடாது?”

படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று அதற்கும் கத்தினேன். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. உங்கள் தனி அனுபவம் குறைவாகத் தெரிகிறது, மூத்த நர்ஸாக எடுப்பது கஷ்டம், பயிற்சி நர்ஸாக வேண்டுமானால் யோசிக்கலாம். முடிவெடுக்குமுன் அங்குள்ள தலைமை நர்ஸ் ஒருமுறை பேசுவார். அவள் அதைப் படித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். அன்றைக்கு வண்டியில் வகுப்பு நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அறுவடை. குடவாசல் பக்கம் பத்து மா நிலம் இருக்கிறது, மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். மெஷின் இறங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. அந்த வருடம் விளைச்சல் அமோகம். எத்தனை மூட்டை என்று உங்களிடமும் சொல்லப் போவதில்லை. பக்கத்து வயல்காரர் பைக்கை நிறுத்தினார்.

“மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சுங்க?”

“ஏதோ கொஞ்சம் கண்டுச்சுங்க. பரவாயில்ல,” என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் படுதா போட்டு மூடிய நெல், என் உயரத்துக்கு நிற்கிறது. அவர் அதைப் பார்த்தார், தலையாட்டினார், தன் வயலிலும் ஏதோ கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் சொன்னதும் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எ ஃபியூ மூட்டைங்களா?” என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் அளவுச்சொல் கற்பிக்கிற நான், என் களத்தில் நின்று என் அப்பா வழக்கமாகச் சொல்லும் பதிலை ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேன். அவள் கற்றதும் இந்தக் களத்தில்தான், என் வகுப்பில் அல்ல.

சாயந்திரம் கொள்முதல் நிலையத்தில் நெல்லை இறக்கினோம். எத்தனை மூட்டை சார் என்று எழுதுகிறவர் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் ஒன்றுகூடக் குறையாமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

திரும்பும்போது வண்டியை ஓரங்கட்டினேன். “இங்க பாரு. பக்கத்து வயக்காரர் கேட்டா மழுப்பலாம். எடை போடறவர் கேட்டா மழுப்பினோமா? அந்தத் தலைமை நர்ஸம்மா எடை போடற எடத்துல உக்காந்திருக்காங்க.”

“மூட்டையும் பிள்ளையும் ஒண்ணுங்களா?”

“ஒண்ணு இல்லதான். ஆனா ஏட்டுல உன் பேரு ஏறணும்னா நீதான் வாயைத் தொறக்கணும்.”

தஞ்சாவூர் வரும்வரை அவள் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒத்துக்கொண்டாளா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் பேச்சுக்கும் அதே கூடம், அதே கதவு. தலைமை நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் ‘எ ஃபியூ’ என்று சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது, உண்மையில் எத்தனை என்று நேராகக் கேட்டார்.

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, “மெனி, மேடம். வெரி மெனி,” என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. வார்டு ஏட்டில் டாக்டர் பெயர்தான் இருக்கும், என் டூட்டி நாட்களோடு ஒத்துப் பார்த்து, வார்டைப் பார்க்கிற எங்கள் மேட்ரன் எண்ணி எழுதி அனுப்புவார், என் வாயால் எண்ண மாட்டேன் என்றாள். நல்லபடியாக வந்ததை எங்கள் ஊரில் எண்ண மாட்டோம். நான் எண்ணி வைத்திருப்பது தவறிப்போன பிள்ளைகளை மட்டும்தான் என்றாள்.

எத்தனை என்று அந்தம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“த்ரீ.”

மூன்றையும் சொன்னாள். எந்த மாதம், எந்தக் கட்டில், தாய் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள், அதற்குப் பிறகு தன் வேலையில் எதை எதை மாற்றிக்கொண்டாள் என்று ஒவ்வொன்றாக. இறந்தகாலமும் நிகழ்காலமும் தாறுமாறாகக் கலந்து வந்தன. வண்டியாக இருந்தால் பத்து இடத்தில் நிறுத்தியிருப்பேன். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்றை ‘எ ஃபியூ’ என்று தாராளமாகச் சொல்லலாம், இலக்கணம் தடுக்காது. அவள் சொல்லவில்லை.

மேட்ரன் கடிதம் போன பத்தாம் நாள் உத்தரவு வந்தது, மூத்த நர்ஸ் வேலைக்கே. எனக்கு ஆச்சரியமில்லை. அன்று தலைமை நர்ஸிடம் பேசி முடித்து அவள் மடிக்கணினியை மூடியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூடிவிட்டுச் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தாள். அந்த மூன்று பிள்ளைகள் தவறிப்போன நாட்களிலும் அவள் என்னோடு இதே வீட்டில்தான் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

“மூணு பேருன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே,” என்றேன்.

“இன்னைக்கு எத்தனை பிரசவம்னுதானேங்க தினமும் கேப்பீங்க,” என்றாள். “இதை நீங்க கேட்டதே இல்லையே.”