நிழலுக்குள் நுழையும் தகடு

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன்; விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும்போது அதன் சூரியத் தகடுகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வெயில் படும் முகம் கொதிக்கும், முதுகு குளிர்ந்திருக்கும். அதனால் தகடு லேசாக வளைந்து நிற்கும். வெயில் போனதும் அது நிமிர்ந்து, செயற்கைக்கோளையே ஒரு குலுக்கு குலுக்கும். அந்தக் குலுக்கலை எண்ணாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. எட்டு வருட உழைப்பு, சும்மாவா? பட்டம் வந்தால்தான் பதவி உயர்வு என்று வீட்டிலும் காத்திருந்தார்கள்.

ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது சூரிய கிரகணம் வந்தது. கேன்டீனில் காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டார்கள். மாணவர்கள் கிரகணக் கண்ணாடியோடு மைதானத்தில் நின்றார்கள். நானும் எங்கள் ஆய்வக உதவியாளரும் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். அவர் வானூர்க்காரர். வெயில் மங்கிக்கொண்டே வந்தது.

"இன்னா மேடம், மேகம் மறைச்சாவே இந்தத் தகரம் படபடன்னு அடிக்கும். இன்னைக்கு கம்முனு கீது?"

"மேகம் சட்டுனு மறைக்குதுங்க. இது மெதுவா மறையுது, தகரமும் நிதானமா ஆறுது" என்று டீச்சர் தோரணையில் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, என் ஆய்வேடு ஞாபகத்துக்கு வந்தது.

என் கணக்கில் வெயில், எங்கள் தெருவில் கரண்ட் போவதைப் போல ஒரே நொடியில் போயிருந்தது. உண்மையில் பூமியின் நிழலுக்கு மங்கலான ஓரம் உண்டு. அதைக் கடக்கச் செயற்கைக்கோளுக்குச் சில விநாடிகளாவது ஆகும். வெளிச்சம் படிப்படியாகத்தான் குறையும். இத்தனை வருடம் இதைப் பார்க்காத என் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேள்வி கேட்ட மனிதர் மேலும் கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து, அந்த ஓரத்தையும் சேர்த்து மறுபடி கணக்கை ஓட்டினேன். குலுக்கல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்று அத்தியாயங்கள் பழைய எண்ணை நம்பித்தான் எழுதப்பட்டிருந்தன.

என் ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்தேன். "யாரும்மா அதையெல்லாம் நோண்டப் போறாங்க? அப்படியே குடுத்துடு. இப்ப திருத்தினா ஆறு மாசம் போயிடும்" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"போகட்டும் சார். தப்புன்னு தெரிஞ்சு என் பேரைப் போட மாட்டேன்."

"எட்டு வருஷம் ஆச்சேம்மா!"

"அதனாலதான் சார்" என்றேன். அழுகை வந்தது. குரலில் காட்டவில்லை.