சமையல்காரர் வேணாம், ஆள் இருக்கு

போன கோடையில் எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று பேருக்கும் திடீரென்று தண்ணீர் ஆசை வந்தது. வானம் பார்த்த திருச்சுழிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது வருவது நியாயம்தான். ஆலப்புழையில் படகு வீடு எடுத்து, இரண்டு நாள் தங்கி மீன் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தவன் கொழுந்தன். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தவன். அங்கே எவனோ போனில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். தம்பி சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பார். நான் சொன்னால் சிலிண்டர் பதிவு செய்யவே மூன்று நாளாகும்.

எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். மாமியார் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டு அடுப்புக்கு நான் ஒருத்திதான். "படகுலயே சமையல்காரன் இருப்பான் மதினி, நீங்க காலை நீட்டி உக்காந்துக்கிட்டு வரலாம்" என்று கொழுந்தன் சொன்னான். இரண்டு நாள் கரண்டியைத் தொடாமல், யாரோ ஆக்கிப்போட நான் சாப்பிடப் போகிறேன். அது ஒன்றுதான் என் காதில் விழுந்தது. அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு புதுச் சேலைகூட எடுத்து வந்துவிட்டேன்.

பிறகு மாமனார் திட்டத்துக்குள் நுழைந்தார். படகுக்காரரிடம் தானே பேசுவதாகப் போனைப் பிடுங்கினார்.

"தம்பி, அங்க தண்ணி எப்ப வத்தும்?"

எங்கள் ஊரில் மீன் பிடிப்பது என்றால் கோடையில் கண்மாய் வற்றி, முழங்கால் சேறான பிறகுதான். ஊரே மூங்கில் ஊத்தாக்கூடையோடு இறங்கி, கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடிக்கும். இங்கே தண்ணீர் வற்றாது என்று அந்த மலையாளத்து மனிதர் தமிழில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"வத்தாதா? பெறகு மீனு எப்படிய்யா மாட்டும்?"

தூண்டில் என்றார் படகுக்காரர். "ஒத்த ஒத்த மீனாப் பிடிச்சா கொழம்புக்கு எப்பச் சேரும்?" என்றார் மாமனார். பரணில் கிடந்த இரண்டு ஊத்தாக்கூடைகளை இறக்கித் தூசி தட்டச் சொன்னார். தட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமனாருக்கு அடுத்த கவலை படகுச் சமையல்காரன். "அவன் தேங்காயெண்ணெயில பொரிப்பான். தலைக்குத் தேய்க்கிறதைத் திங்கவா அம்புட்டுத் தூரம் போறோம்?"

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனை வாங்கி, "சமையல்காரர் வேணாங்க. எங்ககிட்ட ஆள் இருக்கு" என்றார்.

கட்டின பெண்டாட்டி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் பட்டியல் தயார்: மிளகாய்த்தூள், புளி, கடலை எண்ணெய், மண்சட்டி, அரிவாள்மணை. "நீ கை வச்சாத்தான் மீனு மீனா இருக்கும்" என்று வீட்டுக்காரர் ஐஸ் வேறு வைத்தார்.

"ஏன், அம்மியையும் ஏத்திக்கிடுங்க. படகு ஆடாம இருக்கும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

புறப்படுகிற அன்று காலையில் சாமான் எல்லாம் வேனில் ஏறிவிட்டது. நான் வீட்டுச் சேலையோடு வாசலிலேயே நின்றேன்.

"நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க."

நீ இல்லாமல் எப்படி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். உண்மையிலேயே காத்திருந்தேன்.

"பெறகு யாரு ஆக்குறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூணு பேருக்கும் ஆறு கை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. காலையில் கடை இட்லி, ராத்திரிக்குப் பரோட்டா. புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ராத்திரி படகிலிருந்து வீட்டுக்காரர் போன் வந்தது. "புளி எம்புட்டுப் போடணும்?" நெல்லிக்காய் அளவு என்றேன், அதற்கப்புறம் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. பாவம் என்று தோன்றியதா என்றால், பொய் எதற்கு, தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "உன்னைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாகளாக்கும்? அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டினாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் என் சேலையைப் பார்த்தாள். கழுவ ஒரு தட்டுகூட இல்லாத தொட்டியைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அந்தப் படகுக்காரன் நம்பரைச் சொல்லு. எங்க வீட்டுல நாலு ஆம்பளைக இருக்காக."